சோலார் போட்டும் டிமாண்ட் கட்டணம் ஏன் குறையவில்லை?

கேள்வி: கோவைக்கு அருகே சிறிய பவுண்டரி நடத்துகிறோம். எச்.டி. (உயர் அழுத்த) இணைப்பு, ஒப்பந்த டிமாண்ட் (ஒரே நேரத்தில் இழுக்க ஒப்புக்கொண்ட அதிகபட்சச் சுமை) 400 கேவிஏ. 500 கிலோ கொள்ளளவுள்ள இண்டக்‌ஷன் ஃபர்னஸ் ஒன்று, 250 கிலோவாட். சென்ற ஆண்டு கூரையில் 150 கிலோவாட் சோலார் போட்டோம். யூனிட் நன்றாகவே குறைந்தது. ஆனால் மாதத்தின் உச்சச் சுமைக்குப் போடும் டிமாண்ட் கட்டணம் அசையவே இல்லை. ஜூலை பில்லில் 386 கேவிஏ, கேவிஏ-வுக்கு ரூ. 608 வீதம் ரூ. 2,34,688 கட்டினோம். 0.96 ஆக இருந்த பவர் ஃபாக்டர் (கேவிஏ-வில் கிலோவாட்டின் பங்கு) 0.89-க்கு இறங்கி, அபராதம் வேறு வந்துவிட்டது. சோலாருக்கு நெட்வொர்க் கட்டணம் தனி. நாங்களே தயாரிக்கும் கரண்டுக்கு மின்வாரியக் கம்பிக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? பேட்டரி வைத்தால் எல்லாம் தீரும் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். வைக்கலாமா? ஜூலை மாத லோடு சர்வே (மீட்டர் நேர வாரியாகப் பதிந்த சுமைப் பட்டியல்) இணைத்துள்ளேன்.

பதில்: வணக்கம். லோடு சர்வேயை இணைத்தது பெரிய உதவி. அது இல்லாமல் டிமாண்ட் கட்டணத்தைப் பற்றிச் சொல்லும் எந்த ஆலோசனையும் குருட்டாம்போக்குதான்.

கம்பிக்கு ஏன் காசு என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. உங்கள் பகுதித் துணைமின் நிலையத்தில் 16 எம்விஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஆண்டில் 8,760 மணி நேரமும் 16 எம்விஏ சுமப்பதில்லை. பெரும்பாலான நேரம் பாதிச் சுமைதான். ஆனால் ஆண்டில் சில பத்து மணி நேரம் சுமை 17 எம்விஏ-வைத் தொடும் என்றால், அந்தச் சில மணி நேரத்துக்காகவே இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர், பிரேக்கர், ஃபீடர் (அங்கிருந்து ஆலைகளுக்கு வரும் மின்தடம்) எல்லாம் போட்டாக வேண்டும். கம்பியின் செலவை முடிவு செய்வது நீங்கள் எத்தனை யூனிட் ஓட்டினீர்கள் என்பது அல்ல. எல்லோரும் சேர்ந்து இழுக்கும் அந்த உச்ச நேரத்தில் நீங்கள் எவ்வளவு இழுத்தீர்கள் என்பதுதான்.

உங்கள் சோலார் பகல் ஒரு மணிக்குக் கம்பியைக் காலியாக வைக்கிறது, சரி. மாலை 6.45-க்கு வெயில் இல்லை. அப்போது 386 கேவிஏ முழுவதும் அதே கம்பி வழியாகத்தான் வருகிறது. சோலார் போடுவதற்கு முன்பு உங்களுக்கு எவ்வளவு பெரிய கம்பி தேவைப்பட்டதோ, அதே அளவுதான் இன்றும் தேவைப்படுகிறது. அதனால்தான் டிமாண்ட் கட்டணம் அசையவில்லை. இதில் அநியாயம் ஏதுமில்லை. அநியாயம் வேறிடத்தில் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் லோடு சர்வே. மாதத்தின் மிக உயர்ந்த இருபது பதிவுகளைத் தனியே எடுத்துப் பார்த்தால், பதினான்கு மாலை 6.15-க்கும் 7.45-க்கும் இடையில் விழுகின்றன. மீதி ஆறும் காலை 7 முதல் 8 வரை. பகல் 11 முதல் 3 வரை ஒன்றுகூட இல்லை. மாலையில் நடப்பதை உங்கள் மெஷின் பட்டியலோடு ஒட்டிப் பார்த்தால் காரணம் தெரிகிறது. பகலில் தயாரான மோல்டு பாக்ஸ்கள் நிரம்பியதும், ஐந்தரை மணிக்கு மேல் ஃபர்னஸ் முழு 250 கிலோவாட்டில் ஓடுகிறது. அதே நேரத்தில் அன்றைய காஸ்டிங்கை முடித்து அனுப்ப 30 கிலோவாட் ஷாட் பிளாஸ்டிங்கும் அதன் 15 கிலோவாட் டஸ்ட் கலெக்டரும் ஓடுகின்றன. இரவு ஷிஃப்டுக்கு மணல் தயார் செய்ய சாண்ட் பிளான்ட்டும் கிளம்புகிறது. காலையில் காரணம் வேறு: இரவு முழுக்கக் காற்று இறங்கிப்போன ரிசீவரை நிரப்பக் கம்ப்ரசர் முழு மூச்சில் ஓடும்போதே குளிர்ந்த ஃபர்னஸையும் ஏற்றுகிறார்கள்.

எந்த மெஷினும் அதிகமாக இழுக்கவில்லை. எல்லாம் ஒரே கால் மணி நேரத்தில் இழுக்கின்றன, அவ்வளவுதான்.

முதல் வேலை, ஷாட் பிளாஸ்டிங்கையும் டஸ்ட் கலெக்டரையும் பகல் 11 முதல் 3-க்குள் நகர்த்துங்கள். முந்தைய நாள் காஸ்டிங் ஆறியிருக்கும், சோலாரும் முழு வீச்சில் இருக்கும். மாலையில் 45 கிலோவாட் அப்படியே இறங்கும். டெஸ்பாட்ச் அரை நாள் தள்ளிப்போகும். வாடிக்கையாளரிடம் ஒருமுறை பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது.

அடுத்து, மெயின் இன்கமரில் (வாரிய மின்சாரம் ஆலைக்குள் நுழையும் இடத்தில்) ஒரு டிமாண்ட் கண்ட்ரோலர். இது மீட்டர் கணக்கிடும் அதே இடைவெளியில் சராசரி கேவிஏ-வைக் கணித்து, வரம்பைத் தாண்டும் போக்குத் தெரிந்தால் ஃபர்னஸ் பேனலுக்குச் சிக்னல் கொடுத்து பவரைக் குறைக்கும். உங்கள் மீட்டரில் டிமாண்ட் சராசரி எடுக்கும் இடைவெளி 15 நிமிடமா 30 நிமிடமா என்பதை வாரியத்தின் மீட்டர் சோதனைப் பிரிவில் (எம்.ஆர்.டி.) கேட்டு, கண்ட்ரோலரிலும் அதையே வையுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால், கண்ட்ரோலர் திரையில் 290 காட்டும், பில்லில் 320 வரும். கம்ப்ரசரையோ கூலிங் வாட்டர் பம்பையோ கண்ட்ரோலரோடு இணைக்காதீர்கள். ஃபர்னஸ் காயிலுக்குத் தண்ணீர் நின்றால் போகும் காசு, டிமாண்டில் மிச்சம் பிடிக்கும் காசைப் போலப் பல மடங்கு.

ஃபர்னஸை மாலையில் 250-இலிருந்து 210 கிலோவாட்டுக்கு இறக்கினால் என்ன ஆகும்? டன்னுக்கு 580 யூனிட் என்று வைத்தால் 500 கிலோ ஹீட்டுக்கு (ஒருமுறை உருக்குவதற்கு) 290 யூனிட். 250 கிலோவாட்டில் 70 நிமிடம். 210-இல் 83 நிமிடம். அந்தக் கூடுதல் 13 நிமிடத்தில் வாய் வழியாகப் போகும் சூட்டால் யூனிட் கொஞ்சம் ஏறும். மூடியைப் போட்டே உருக்கினால் அது பெரிதாகத் தெரியாது. உங்கள் ஆட்கள் ஸ்கிராப் போட வசதிக்காக மூடியைத் திறந்தே வைத்திருந்தால், முதலில் திருத்த வேண்டியது அதைத்தான்.

கணக்கைப் பாருங்கள். மாலை உச்சம் 386 கேவிஏ. அந்த நேரப் பவர் ஃபாக்டர் 0.95, ஆக ஏறத்தாழ 367 கிலோவாட். அதில் 45 நகர்ந்தது, ஃபர்னஸில் 40 குறைந்தது, மீதி 282 கிலோவாட். பவர் ஃபாக்டரை 0.98-க்குக் கொண்டுவந்தால் 288 கேவிஏ. இந்த நிலை நிலைத்துவிட்டால் ஒப்பந்த டிமாண்டை 330 கேவிஏ-வாகக் குறைக்கலாம். எவ்வளவு குறைவாக இழுத்தாலும் ஒப்பந்தத்தில் 90 சதவீதத்துக்குக் கட்டணம் உண்டு என்பதால், குறைந்தபட்சம் 297 கேவிஏ-வுக்குக் கட்டுவீர்கள்: ரூ. 1,80,576. இப்போதைய பில்லோடு ஒப்பிட்டால் மாதம் ரூ. 54,112 மிச்சம். ஒப்பந்தத்தை 400-லேயே விட்டுவைத்தால், 288-க்கு இறங்கினாலும் 360-க்குக் கட்ட வேண்டியிருக்கும். பட்ட பாட்டில் பெரும்பகுதி வீண்.

ஆனால் அவசரப்பட்டு நாளைக்கே விண்ணப்பிக்காதீர்கள். ஒப்பந்தத்தைத் தாண்டும் கேவிஏ-வுக்கு இரட்டிப்பு விகிதம். குறைத்ததை மறுபடி ஏற்ற வேண்டுமானால் டெவலப்மென்ட் கட்டணம் கட்ட வேண்டும், ஃபீடரில் இடமும் இருக்க வேண்டும். புதிய நேர அட்டவணையில் குறைந்தது ஆறு மாதம் ஓட்டி, அதில் உங்கள் ஆர்டர் அதிகமுள்ள மாதமும் அடங்கியபின் முடிவு செய்யுங்கள்.

பவர் ஃபாக்டர் இறங்கியதன் மர்மம் இதைவிட எளிது. சோலார் இன்வெர்ட்டர் கிலோவாட்டை மட்டும் கொடுக்கிறது. மோட்டார்களுக்கும் ஃபர்னஸுக்கும் காந்தப்புலம் உண்டாக்க வேண்டிய ரியாக்டிவ் பவர் (கேவிஏஆர் கணக்கில் அளப்பது) இன்னும் வாரியத்திடமிருந்தே வருகிறது. நண்பகலில் ஆலைச் சுமை 300 கிலோவாட், 100 கேவிஏஆர் என்றால் பவர் ஃபாக்டர் 0.95. சோலார் 120 கிலோவாட் கொடுத்ததும் வாரிய மீட்டர் வழியாக வருவது 180 கிலோவாட். கேவிஏஆர் அதே 100. பவர் ஃபாக்டர் 0.87. உங்கள் மெஷின்களில் எந்த மாற்றமும் இல்லை. மீட்டர் பார்க்கும் விகிதம்தான் மாறியது.

பவர் ஃபாக்டரைத் தானாகச் சரிசெய்யும் கெப்பாசிட்டர் பேனலின் (ஏ.பி.எஃப்.சி.) சி.டி., அதாவது கரண்ட்டை அளக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர், எங்கே மாட்டியிருக்கிறது என்று எலக்ட்ரீஷியனைக் காட்டச் சொல்லுங்கள். சோலார் கேபிள் வந்து சேரும் இடத்துக்குக் கீழே, ஆலைச் சுமைப் பக்கம் இருந்தால், பேனலின் கண்ணுக்கு 0.95 தெரியும், திருப்தியாகச் சும்மா இருக்கும். மெயின் இன்கமரில், சோலார் சேரும் இடத்துக்கு மேலே மாட்டினால்தான் வாரிய மீட்டர் பார்ப்பதை அதுவும் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை சோலார் கரண்ட் வெளியே போகும்போது குழம்பாமல் இருக்க, இரு திசையும் அறியும் கண்ட்ரோலர் வேண்டும். கெப்பாசிட்டர் சேர்ப்பதானால் 7 சதவீத டீடியூன்டு ரியாக்டரோடு (ஹார்மோனிக்ஸைத் தடுக்கும் காயில்) மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இண்டக்‌ஷன் ஃபர்னஸ் கிளப்பும் ஹார்மோனிக்ஸில் (கரண்ட் அலையின் சிதைவில்) வெறும் கெப்பாசிட்டர் சூடேறி, உப்பி, வெடிக்கவும் கூடும். இன்வெர்ட்டரையே கொஞ்சம் கேவிஏஆர் கொடுக்கும்படி செட் செய்ய முடியும். சோலார் போட்டுக் கொடுத்தவரிடம் கேளுங்கள். செலவில்லாத வழி அது.

இனி பேட்டரி. மாலையில் 89 கேவிஏ-வை ஒன்றரை மணி நேரம் தாங்க, பயன்படும் கொள்ளளவு மட்டும் ஏறத்தாழ 130 முதல் 150 யூனிட் வேண்டும். இதனால் டிமாண்டில் கிடைக்கும் மிச்சம், மேலே அட்டவணையை மாற்றியே கிடைக்கும் அதே ரூ. 54,000-தான். ஒரே மிச்சத்தை இரண்டு முறை எண்ண முடியாது. அதோடு டிமாண்ட் கட்டணத்தின் குணம் பொல்லாதது. மாதத்தில் 29 நாள் பேட்டரி ஒழுங்காகக் கொடுத்து, ஒரு நாள் இரண்டாவது ஹீட் தாமதமாகி அதற்குள் பேட்டரி தீர்ந்துபோனால், அந்த ஒரு பதிவே மாதம் முழுவதற்கும் பில் ஆகிவிடும்.

யூனிட் விலை வித்தியாசத்தில் பேட்டரி சம்பாதிக்குமா என்றும் பார்த்துவிடுவோம். உங்கள் யூனிட் விலை ரூ. 7.50. காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் கூடுதல், அதாவது ரூ. 9.37. இரவு 10 முதல் 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி, ரூ. 7.12. இரவில் ஏற்றி மாலையில் இறக்கினால், பேட்டரியில் 15 சதவீதம் இழப்புப் போக, ஒரு யூனிட்டுக்கு அடக்கம் ரூ. 8.38. மிச்சம் 99 காசு. பேட்டரியின் தேய்மானத்துக்கே அது காணாது. ஆகவே இப்போதைக்கு வேண்டாம். ஆனால் விற்பனையாளர் சொல்வது எந்தக் காலத்திலும் பொய் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டணம் மாறினால் பதிலும் மாறும்.

அந்த 99 காசுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்தும் எண். மாலையில் எல்லோரும் திணறும் நேரத்துக்கும், மின்சாரம் மிச்சமாகும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதானா? மத்திய அரசு 2023 ஜூனில் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள், ஒரு நாளில் எட்டு மணி நேரத்தைச் சூரிய நேரமாக மாநில ஆணையம் அறிவிக்க வேண்டும், அப்போது விலை சாதாரண விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்கின்றன. அப்படியானால் பகல் யூனிட் ரூ. 6. பகலில் ஏற்றி மாலையில் இறக்கினால் மிச்சம் 99 காசு அல்ல, ரூ. 2.30-க்கு மேல். அதே பேட்டரி, அதே ஆலை. கட்டண அட்டவணையில் ஒரு வரி மாறியதற்கே இவ்வளவு.

டிமாண்ட் கட்டணத்திலும் இதே குறை உண்டு. முன்னே சொன்ன அநியாயம் இதுதான்: 386 கேவிஏ-வை நீங்கள் மாலை 6.45-க்கு இழுத்தாலும், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றியெடுக்கும் நாளில் பகல் ஒரு மணிக்கு இழுத்தாலும், கட்டணம் ஒன்றே. பகலில் இரண்டாவது ஃபர்னஸ் வைத்து உருக்கி, மாலையில் நிறுத்திவிடலாம் என்று நினைக்கும் ஆலைக்கு, டிமாண்ட் கட்டணம் தண்டனையாகிவிடுகிறது. பசுமை மின்சாரம் மிகுந்திருக்கும் நேரத்துக்குச் சுமையை இழுக்க வேண்டிய கட்டணமே அதைத் தடுக்கிறது.

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியிலும் இந்தச் சிக்கல்தான். 2023 ஜனவரி முதல் அங்கே வீடுகளுக்கும் உச்சத்தை வைத்து நெட்வொர்க் கட்டணம். ஒவ்வொரு மாதமும் மிக அதிகம் இழுத்த கால் மணி நேரத்தை எடுத்து, 12 மாதச் சராசரி போட்டு, குறைந்தது 2.5 கிலோவாட்டுக்காவது வசூலிக்கிறார்கள். ஒரே நேரத்தில் கார் சார்ஜரையும் அடுப்பையும் போடாமலிருக்க மக்கள் கற்றுக்கொண்டால் நல்லதுதான். ஆனால் வெயில் மிகுந்த நண்பகலில் காரை வேகமாக ஏற்றுபவருக்கும் அதே அடி.

பிரிட்டன் எதிர்த் திசையில் போய்ப் பட்டது. நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் நாடு முழுவதின் உச்சமான மூன்று அரைமணிகளில் ஒவ்வொருவரும் எவ்வளவு இழுத்தார்கள் என்பதை வைத்துப் பெரிய நுகர்வோருக்கு டிரான்ஸ்மிஷன் கட்டணம். கணித்துச் சொல்லவே ஆட்கள் கிளம்பினார்கள். அந்த அரைமணியில் ஜெனரேட்டர் ஓட்டிப் பெரிய ஆலைகள் தப்பின. ஆனால் ஏற்கெனவே போட்ட கம்பியின் கடன் அதனால் குறையவில்லை. தப்பிக்க முடியாதவர்கள் தலையில் விழுந்தது. 2019 நவம்பரில் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் எடுத்த முடிவின்படி, அதன் பெரும்பகுதியை 2023 ஏப்ரல் முதல் நிலையான கட்டணமாக மாற்றிவிட்டார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வழி தெரிகிறது. கட்டணத்தில் இரண்டு செலவுகள் கலந்திருக்கின்றன. உங்கள் ஃபீடர், உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றின் செலவு ஒப்பந்த டிமாண்டைப் பொறுத்தது. தொழிற்பேட்டை ஃபீடருக்கு உச்சம் பகலிலேயே வரலாம். அதை நிலையாக வசூலிப்பது நியாயம். மேலேயுள்ள துணைமின் நிலையங்களையும் டிரான்ஸ்மிஷனையும் விரிவாக்கும் செலவு மாலை உச்சத்தைப் பொறுத்தது. அந்தப் பங்கை மாலை 6 முதல் 10 வரை பதிவாகும் கேவிஏ-வுக்கு மட்டும் வசூலிக்கலாம். உங்கள் மீட்டரே நேர வாரியாகப் பதிவு செய்வதால் புதிய கருவி ஒன்றும் தேவையில்லை.

சோலார் நெட்வொர்க் கட்டணத்துக்கும் இதே அளவுகோல். 2021 அக்டோபரில் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இதை உற்பத்தி யூனிட்டோடு கட்டிவைத்தது. அதன்பின் கோரிக்கைகளும் வழக்குகளும் தொடர்ந்தன. கம்பியைப் பயன்படுத்துவோர் பங்கு கொடுக்க வேண்டும் என்ற நோக்கத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அந்தப் பங்கைக் கொடுக்காவிட்டால், கூரையே இல்லாத வாடகைக் குடித்தனக்காரரும் மோட்டார் ஒன்று வைத்த சிறு பட்டறைக்காரரும் சேர்த்துக் கட்ட நேரிடும். ஆனால் உங்கள் கூரையில் உற்பத்தியாகி உங்கள் கம்ப்ரசரிலேயே தீர்ந்த யூனிட் வாரியக் கம்பியைத் தொடவே இல்லை. அதற்கும், மாலையில் இழுக்கும் யூனிட்டுக்கும் வேறுபாடு பார்க்காத கட்டணம், பேட்டரி வைத்து மாலைச் சுமையைக் குறைப்பவருக்கும் குறைக்காதவருக்கும் ஒரே பில் போடுகிறது. டிமாண்ட் கட்டணம் ஏற்கெனவே கட்டும் எச்.டி. நுகர்வோர், கம்பிக்கான பங்கை அதிலேயே கொடுத்துவிடுகிறார் என்ற வாதமும் வலுவானது.

மூன்றாவதாக ஒன்றையும் கேட்கலாம். ஜெர்மனியில் 2024 ஜனவரி முதல் புதிதாகப் பொருத்தும் கார் சார்ஜர், ஹீட் பம்ப் போன்றவற்றை, கம்பி நெருக்கடியில் இருக்கும்போது 4.2 கிலோவாட்டுக்கு இறக்கிக்கொள்ளும் உரிமை நெட்வொர்க் நிறுவனத்துக்கு உண்டு. பதிலுக்கு நுகர்வோருக்கு நெட்வொர்க் கட்டணத்தில் சலுகை. உங்கள் ஃபர்னஸ் பேனல் ஒரு சிக்னலில் 40 கிலோவாட் குறைக்கும் என்றால், அந்தச் சிக்னல் உங்கள் கண்ட்ரோலரிலிருந்து மட்டும் வர வேண்டும் என்பதில்லை. நெருக்கடி நாளில் வாரியத்திடமிருந்தும் வரட்டும். அதற்கு 90 சதவீத வரம்பில் தளர்வு கொடுக்கட்டும்.

இதற்கிடையில் உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். மாலையில் ஓட்டும் ஒவ்வொரு ஹீட்டுக்கும் 25 சதவீதக் கூடுதல் என்பது 290 யூனிட்டுக்கு ரூ. 544. பகல் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே ஒரு ஹீட்டைச் சேர்த்து, மாலை ஹீட்டில் ஒன்றைக் குறைத்தால், மாதம் 25 வேலை நாளில் ரூ. 13,600. மோல்டிங் ஆட்களைக் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொல்ல வேண்டியிருக்கும். இந்தப் பணத்தில் அவர்களுக்கு ஒரு பங்கு கொடுத்தால் ஏற்பாடு நிலைக்கும். காலையில் கம்ப்ரசரை 5.30-க்கே ஓடவிட்டு ரிசீவரை நிரப்பிவிட்டால், ஏழு மணிக் குத்தும் தணியும். இரவில் காற்று ஏன் இறங்குகிறது என்று ஹோஸ், கப்ளிங் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். கசிவு நின்றால் அந்த 5.30-உம் வேண்டியிராது.

ஆணையம் கட்டணத்தை மாற்றும்போது கருத்துக் கேட்பது வழக்கம், எழுத்துமூலமும் கொடுக்கலாம். தமிழிலேயே எழுதுங்கள். கட்டணத்தைக் குறையுங்கள் என்று மட்டும் எழுதினால் நூறு கடிதத்தில் ஒன்றாகப் போய்விடும். மாற்றத்துக்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம் என உங்கள் லோடு சர்வேயை இணைத்து, மாலை உச்சத்தில் 90 கேவிஏ குறைத்திருக்கிறேன், பகலில் 60 கேவிஏ கூட்ட முடியும், ஆனால் இன்றைய டிமாண்ட் விதி இரண்டாவதைத் தடுக்கிறது என்று எண்ணோடு எழுதுங்கள். அக்கம்பக்கத்துப் பவுண்டரிகள் பத்து சேர்ந்து இப்படி எழுதினால் கிட்டத்தட்ட ஒரு மெகாவாட் கணக்கு வரும். ஃபீடர் பெயரையும் துணைமின் நிலையத்தின் பெயரையும் மேலேயே குறிப்பிடுங்கள்.